குப்பைக்கும் ஒரு வரவு செலவு



நான் தொழிலால் கணக்காளன். குப்பையையும் கணக்காகவே பார்க்கிறேன். 2002இன் இறுதியில் கீல் வலி குப்பைமேடு மூடப்பட்டது. பிறகு 2010 வரை ரொறன்ரோவின் குப்பை லொறிகளில் மிச்சிகனுக்குப் போனது. இப்போது லண்டன் நகருக்கு அருகிலுள்ள கிறீன் லேனுக்குப் போகிறது. அதுவும் ஒருநாள் நிரம்பத்தான் போகிறது.

2002இல் எற்றோபிக்கோவில் பச்சைத் தொட்டி அறிமுகமானது. அடுத்த ஆண்டு ஸ்காபரோவுக்கு வந்தது. மீன் செதில், எலும்பு, மிஞ்சிய சோறு எல்லாவற்றையும் அதில் போடலாம்.

வீட்டு வளவில் கூட்டெரு செய்வது வேறு. மீன், இறைச்சி, எண்ணெய், பால் சேர்க்கக்கூடாது. எலியும் ரக்கூனும் தேடி வரும். முதல் வருடம் நான் மரக்கறித் தோலையும் தேயிலைச் சக்கையையும் மட்டுமே கொட்டினேன். நாற்றம் தாங்க முடியவில்லை. தெரிந்த மாமி ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, பச்சையை மட்டும் போட்டால் அழுகத்தான் செய்யும். காய்ஞ்ச சருகும் போட்டுக் கிளறி விடுங்கோ."

ஒரு வாளி பச்சைக்கு இரண்டு, மூன்று வாளி சருகு. சில கிழமைகளில் நாற்றம் நின்றது. ஈரக் கழிவில் நைதரசன், சருகில் காபன், கிளறினால் ஒட்சிசன். நுண்ணுயிர்களுக்கு மூன்றும் வேண்டும். பனிக்காலத்தில் குவியல் உறைந்து கிடக்கும். வசந்தத்தில் மீண்டும் வேலை தொடங்கும். ஆகவே இலையுதிர் காலத்தில் இரண்டு பை சருகு சேர்த்து வையுங்கள்.

2021 மே மாதம் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தது. விளைச்சல் விழுந்தது, நவம்பரில் தடை நீங்கியது. அதைக் கூட்டெருவின் குற்றம் என்று சொல்ல மாட்டேன். போதிய எருவும் இருக்கவில்லை, விவசாயி பழகிக்கொள்ள அவகாசமும் இருக்கவில்லை. கட்டளை போட்டால் போதாது. பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கவும் வேண்டும்.

சொல்லிக்கொடுக்கக் கூடியவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். அன்று நன்றி சொன்னபோது மாமி, "இந்த நாட்டில என்னட்டை ஒருத்தரும் ஒண்டும் கேக்கிறேல்லை, தம்பி" என்றார். அந்த வார்த்தை இன்னும் என் மனதில் நிற்கிறது.

இந்தக் கோடையில் பிள்ளைகளின் கையில் ஒரு வாளியைக் கொடுத்து, அம்மம்மாவிடம் அனுப்பிப் பாருங்கள். மண்ணோடு இன்னொன்றும் வளரும்.