பழைய மடிக்கணினிக்கு எந்த ரேம்?



தோட்டத்து வீடுகள் பலவற்றில் பிள்ளைகளின் படிப்புக்கென வாங்கிய பழைய மடிக்கணினி ஒன்று இருக்கிறது. அது ஆமையாக நகரும்போது, "ரேம் கூட்டினால் சரியாகிவிடும்" என்பார்கள். பெரும்பாலும் உண்மைதான். ஆனால் எந்த ரேம்?

நாமறிந்த ஒரு குடும்பம், 2014இல் வந்த மடிக்கணினிக்கு 8 ஜி.பி. ரேம் வாங்கியது. பொருத்தினால் திரை இருண்டே கிடந்தது. மறுநாள் மகள் ஒப்படைக்க வேண்டிய பாடமோ உள்ளே! பழைய ரேமைத் திரும்பப் போட்ட பிறகே உயிர் வந்தது. கொடுத்த பணம் வரவில்லை.

அந்த ரேமில் பழுதில்லை. ஒட்டியிருந்த சீட்டில் ஓர் எழுத்துத்தான் குறைவு. 'பி.சி.3' என்றால் 1.5 வோல்ட், 'பி.சி.3எல்' என்றால் 1.35 வோல்ட். இன்டெல் நான்காம் தலைமுறைச் செயலியுள்ள மடிக்கணினிகளுக்கு எல் வகைதான் வேண்டும். எல் வகை பொதுவாக 1.5 வோல்ட்டிலும் இயங்கும். ஆகவே டி.டி.ஆர்.3 கேட்கும்போது எல் போட்டதையே கேட்போம்.

டி.டி.ஆர்.4 வேறு இனம். குட்டைச் செம்பனைக்கு உளி, நெட்டை மரத்துக்கு அரிவாள் என்பதுபோல, ஒன்றின் இடத்தில் மற்றொன்று ஆகாது. மடிக்கணினி ரேமில் டி.டி.ஆர்.3க்கு 204 முனைகள், டி.டி.ஆர்.4க்கு 260. நடுவிலுள்ள வெட்டும் இடம் மாறியிருக்கும். உள்ளே போகவில்லையென்றால் அழுத்தக் கூடாது. உடைவது நம்முடைய பொருள். மேசைக் கணினியின் ரேம் ஏறக்குறைய இருமடங்கு நீளம், அதுவும் சேராது.

விண்டோஸ் 10 உள்ள கணினியானால், திறக்காமலே சிலவற்றை அறியலாம். டாஸ்க் மேனேஜரில் நினைவகப் பகுதியைப் பார்த்தால், எத்தனை இடம் உண்டு, எத்தனை நிரம்பியிருக்கிறது என்று காட்டும். வோல்ட் கணக்கை மட்டும் பழைய ரேமின் சீட்டில்தான் படிக்க வேண்டும். மெல்லிய மடிக்கணினிகள் சிலவற்றில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், மாற்ற வழியில்லை. அதிகபட்சம் எத்தனை ஜி.பி. ஏற்கும் என்பதை, மாடல் எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் குறிப்பில் பார்க்கலாம். நம்மிடம் இருப்பது 32 பிட் விண்டோஸ் என்றால், 4 ஜி.பி.க்கு மேல் போடுவது வீண் செலவு.

வேகமான ரேமுக்கென்று கூடுதல் வெள்ளி கொடுக்க வேண்டாம். பழையதோடு சேர்த்துப் போட்டால், இரண்டும் மெதுவானதன் வேகத்திலேயே ஓடும்.

கழற்றுமுன் மின்கம்பியைப் பிடுங்கி, பேட்டரியையும் எடுத்துவிட வேண்டும். கைப்பழக்கம் இல்லாதவர்கள் மடிக்கணினியையே கடைக்கு எடுத்துச் செல்லலாம். அங்கேயே பொருத்தச் சொல்வோம். திரை எரிந்து, கூட்டிய ஜி.பி. கணக்கில் தெரிந்த பிறகு பணத்தை எடுப்போம்.