அபராதம் யாருக்குச் சேரும்?

இன்று சட்டப் பட்டம் பெற்றிருக்கும் மாணவ மாணவியரே,

உடனடிப் புகைப்படமும் செய்தித்தாளும் மனிதனுடைய அந்தரங்க வாழ்வுக்குள் புகுந்துவிட்டன என்று கவலையுற்று, சாமுவேல் வாரன், லூயி பிராண்டைஸ் என்னும் இரு அமெரிக்க வழக்கறிஞர்கள் 1890-இல் ஹார்வர்டு சட்ட இதழில் எழுதிய கட்டுரையை, அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்டில் புட்டசாமி வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்த நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு எடுத்து ஆராய்ந்தது. அக்கட்டுரையின் கருத்து இந்நாட்டில் ஐயத்துக்கிடமின்றி அடிப்படை உரிமையாக நிலைபெற அத்தனை காலம் பிடித்தது; கைபேசி யுகத்தில் அவ்வளவு அவகாசம் யாருக்கும் இல்லை.

அதே ஹார்வர்டு இதழில் 2013-இல் எழுதிய சட்ட அறிஞர் டேனியல் சொலோவ், பல நிறுவனங்களிடம் சிதறிக் கிடக்கும் தகவல்கள் பிற்காலத்தில் ஒன்றுசேர்ந்து விளைவிக்கும் தீங்கை எத்தனை விவேகியாலும் முன்கூட்டி எடைபோட இயலாதாகையால், சம்மதத்தை மட்டுமே நம்பிய பாதுகாப்பு பலவீனமானது என்று வாதித்தார். நம் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ பெரும்பாலும் சம்மதத்தின் மீதே எழுந்தது. சம்மதம் கோரும் அறிவிப்பை அரசியல் சாசனத்தின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் எதிலும் கேட்டுப் பெறலாம் என்று அது விதிப்பது போற்றத்தக்கதே. ஆனால் புரியாத நிபந்தனை தமிழில் வந்தாலும் புரியாத நிபந்தனைதான்.

என் மனத்தை உறுத்துவது வேறொன்று. தகவலைக் காக்கத் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்று சொல்லும் அச்சட்டம், அத்தொகை முழுவதையும் இந்தியத் தொகுப்பு நிதியில் சேர்க்கச் சொல்கிறது. அலட்சியத்தால் நஷ்டமுற்றவருக்கு ஈடு கோர இடமளித்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43அ பிரிவையோ அது நீக்குகிறது. தான் அமைக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்தின் அதிகாரத்துக்குட்பட்ட விஷயங்களில் உரிமையியல் நீதிமன்றக் கதவையும் சாத்திவிடுகிறது. களவு கொடுத்தவன் வீட்டுக்கு ஒரு காசும் திரும்பாத தண்டனையை முழுமையான நீதி என்று நான் ஒப்பமாட்டேன்.

எனினும், இச்சட்டம் பிற சட்டங்களைக் குறைக்க வந்ததன்று என்று அதன் 38-ஆம் பிரிவே கூறுகிறது; நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனையைச் செல்லாதென அறிவிக்கும் அதிகாரத்தை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மாநில நுகர்வோர் ஆணையத்துக்கு வழங்கியிருக்கிறது. நுகர்வோர் ஆணையம் உரிமையியல் நீதிமன்றம் அன்று, ஆகையால் அந்தத் தடை அதைக் கட்டுப்படுத்தாது என்னும் வாதம் உங்களுக்குத் திறந்தே கிடக்கிறது. அதை எடுத்துக்கொண்டு, நஷ்டமுற்ற ஓர் எளியவருக்காக மாநில ஆணையத்தின் முன் மனுச் செய்யுங்கள்.