துன்பமும் உய்தியும்



உலகிலே தீமை ஏன் உளது? நல்லோர் துன்புறுவது எதனால்? துன்பத்தினின்றும் நீங்குதற்கு வழி யாது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை கூற முயலாத சமயம் ஒன்றேனும் இல்லை. அவ்விடைகளைச் சுருங்க எடுத்துரைப்பதே இன்றைய பேச்சின் நோக்கமாகும். ஆயினும், ஏட்டிலே கற்ற கொள்கைகளாக மட்டும் அவற்றை என்னாற் பேச இயலவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அதனை முதற்கண் கூறிவிடுகின்றேன்.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. நத்தாருக்கு மறுநாள், பௌர்ணமியுங்கூட. சுமாத்திராவுக்கு அணித்தே கடலடியில் நேர்ந்த நிலநடுக்கத்தால் எழுந்த பேரலை அன்று காலை நம் கிழக்குக் கரையை அடைந்தது. மட்டக்களப்பிலே, ஒருபால் கடலும் மறுபால் வாவியுமாக ஒடுங்கிக் கிடக்கும் நாவலடி, கல்லடி, தெற்கே காத்தான்குடி முதலாய ஊர்கள் அதன் வாய்ப்பட்டன. கல்லடித் திருச்செந்தூர் முருகன் ஆலயத்துக் கோபுரம் சாய்ந்து நின்ற காட்சி இன்றும் பலர் நினைவில் உள்ளது. இலங்கை முழுவதிலும் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

வாவிக்கு அப்பால், படுவான்கரையில் இருந்த பாடசாலையொன்று அகதிகள் தங்கும் முகாமாயிற்று. இளம் ஆசிரியனாயிருந்த யானும் அங்கே பணிசெய்தேன். மூன்று வயது மகனை அலைக்குக் கொடுத்த தாய் ஒருத்தி, உண்ணாமலும் உறங்காமலும் வகுப்பறைச் சுவரோரமாக இருந்தாள். சைவசித்தாந்த நூல்கள் சிலவற்றைக் கற்றிருந்த செருக்கினால் யான் அவளருகே சென்று, முற்பிறப்பின் வினைப்பயன் ஊட்டாது கழியாது என்று தொடங்கிச் சில வார்த்தைகள் கூறினேன். அவள் தலை நிமிர்ந்து, "மூன்று வயதுப் பிள்ளை என்ன வினை செய்திருக்கும், சேர்?" என்று கேட்டாள். பிறவித் தொடர்ச்சி பற்றிய விடை என் நாவில் இருந்தது. ஆயினும் அதைச் சொல்ல வாய் எழவில்லை. அவ்வேளை, பேரனைப் பறிகொடுத்த முஸ்லிம் மூதாட்டி ஒருவர் எழுந்து வந்து அவளருகே பாயில் அமர்ந்தார். நெடுநேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பின்னர்த் தம் கையிலிருந்த தேநீரை நீட்டி, "குடிங்க மகள்" என்றார். அவள் குடித்தாள்.

என் விடை பொய்யா? அன்று தொட்டு என் உள்ளத்தை வருத்திய வினா இதுவே. அதன் பயனாகப் பிற சமய நூல்களையும், என் சமய நூல்களையே மீண்டும் ஒருமுறையும் கற்கலானேன்.

சைவசித்தாந்தம் கூறுவது யாது? உயிரை அநாதியே பற்றி நிற்பது ஆணவ மலம். செம்பிற் களிம்பு போலவும் நெல்லின் உமி போலவும் அஃது உயிரோடு உடனிருப்பது. அதனை நீக்குதற் பொருட்டே இறைவன் மாயையினின்றும் உடலையும் உலகையும் தந்து, வினைப்பயனை ஊட்டுகின்றான். மருத்துவன் கட்டியை அறுப்பது பகையினால் அன்று. அதுபோல இறைவன் தரும் துன்பமும் மறைமுகமான அருளேயாம். மலம் பரிபாகமுற்றபோது அருள் பதிந்து உயிர் திருவடியை அடையும். இது வீடுபேறு.

பௌத்தமோ படைப்போன் ஒருவனைக் கொண்டு இவ்வினாவை நோக்குவதில்லை. துக்கம் உண்டு, அதற்குக் காரணம் வேட்கை, வேட்கை அற்றால் துக்கம் அறும், அதற்கு வழி எட்டுறுப்புடைய மார்க்கம். இந்நான்கு வாய்மைகளும் முடியுமிடம் நிப்பாணம்.

கிறிஸ்தவம், மனிதன் தனக்கு அருளப்பட்ட சுதந்திரத்தால் இறைவனை விட்டு விலகியமையே தீமைக்குத் தோற்றுவாய் என்னும். அத்துன்பத்தை இறைவன் தூரத்தே நின்று நோக்கவில்லை. சிலுவையிலே தானும் அதனை ஏற்றான். உயிர்த்தெழுதலால் அதனை வென்றான் என்பது அச்சமயத்தின் உயிர்நாடி.

இஸ்லாம் பிறவிப் பாவம் என்பதனை ஏற்பதில்லை. இவ்வாழ்வு ஒரு சோதனை. செல்வமும் சோதனை, இழப்பும் சோதனை. செல்வத்தையும் மக்களையும் உடல்நலத்தையும் இழந்தும் இறைவனை மறவாத அய்யூப் நபி பொறுமைக்கு எடுத்துக்காட்டு ஆவார். இங்கே நிறைவுறாத நீதி மறுமையிலே நிறைவுறும். நீரில் மூழ்கி மாண்ட விசுவாசிகளுக்கு ஷஹீத் என்னும் பெருநிலை உண்டு என்பது நபிமொழி மரபு. பாயில் வந்தமர்ந்த மூதாட்டி இதனை அறிந்தவராகவே இருந்திருப்பார்.

நேயர்களே, இவையாவும் ஒன்றே என்று கூறிவிடுதல் எளிது. ஆனால் அது நேர்மையாகாது. வினை என்பதும் சோதனை என்பதும் வேறு. திருவடிப் பேறும் நிப்பாணமும் வேறு. எனினும், வேறுபட்ட இச்சமயங்களிடையே ஓர் ஒற்றுமையை யான் கண்டேன். ஒவ்வொரு சமயமும் துன்பத்துக்குக் காரணம் கூறியதோடு நில்லாது, அக்காரணத்தைப் பிறர்மீது சாட்டையாக வீசாதவாறும், சோம்பலுக்குப் பாயாக விரிக்காதவாறும் காவலொன்றையும் வைத்திருக்கின்றது.

கொடிமாடச் செங்குன்றூரிலே திருஞானசம்பந்தரின் அடியாரைக் குளிர்சுரம் பற்றியதைப் பெரியபுராணம் கூறும். இந்நிலத்தின் இயல்பு இது என்று அவர்கள் உரைத்தனர். சம்பந்தர் அதனோடு அமையவில்லை. திருநீலகண்டப் பதிகம் பாடி நோயைத் தீர்த்தார். வினையின்மேற் பழிபோட்டு உய்யும் வழி தேடாதிருத்தல் குறைபாடு என இடித்துரைப்பது அப்பதிகம். வினைக்கொள்கையை உடைய சமயத்தின் ஆசாரியரே இவ்வாறு கூறினார்.

மோலிய சீவகன் என்னும் துறவி புத்தபெருமானிடம் சென்று, இன்ப துன்பம் யாவும் முன்வினையால் வருவன எனச் சிலர் கூறுவது சரியோ என வினவினான். பித்தம், சிலேட்டுமம், வாதம், பருவமாற்றம் முதலாக எட்டுக் காரணங்களை எண்ணிய புத்தர், கன்மத்தை அவற்றுள் ஒன்றாகவே வைத்தார்; எல்லாம் முன்வினையே என்பது கண்கூடான உண்மையைக் கடந்த கூற்று என மறுத்தார்.

சீலோவாம் கோபுரம் வீழ்ந்து 18 பேர் மாண்டபோது, மற்றையோரினும் அவர்கள் பெரும் பாவிகள் அல்லர் என்று இயேசு உரைத்ததை லூக்கா சுவிசேஷத்திற் காணலாம். யோபுவின் சரிதையோ இன்னும் கூர்மையானது. அவரது நண்பர் மூவரும் ஏழு நாளும் ஏழு இரவும் அவரோடு தரையிலே மௌனமாக அமர்ந்திருந்தனர். அதுவரையும் அவர்கள் நண்பரே. பின்னர் வாய்திறந்து, நீ பாவம் செய்திருப்பாய் என விளக்கம் கூறத் தொடங்கினர். இறைவனின் சினத்துக்கு ஆளாயினர். இதனைப் படித்தபோது, சுவரோரம் இருந்த தாயின் முன் நின்ற என்னையே அந்நூலிற் கண்டு நாணினேன்.

கலீபா உமர் சிரியா நாட்டை நோக்கிச் சென்றபோது அங்கே கொள்ளைநோய் பரவியதை அறிந்து திரும்பலாயினார். இறைவிதியினின்றும் ஓடுகின்றீரோ என ஒருவர் கேட்க, இறைவிதி ஒன்றினின்றும் அவனது மற்றொரு விதிக்கே செல்வதாக அவர் விடையிறுத்தார். விதியை நம்புதல் வேறு, முயற்சியைக் கைவிடுதல் வேறு என்பதை இதனினும் தெளிவாகக் கூறல் அரிது.

ஐரோப்பாவும் இவ்வினாவால் கலங்கியதுண்டு. படைக்கத்தக்க உலகங்களுள் இதுவே சிறந்தது என்று 1710இல் லைப்னிட்ஸ் என்னும் தத்துவஞானி நூல் எழுதினார். 1755 நவம்பர் 1ஆம் நாள், சகல பரிசுத்தர் திருநாளிலே, லிஸ்பன் நகரை நிலநடுக்கமும் கடலலையும் தீயும் அழித்தன. வோல்த்தேர் அக்கொள்கையை எள்ளி 1759இல் கதை எழுதினார். இளைஞரான கான்ட் நிலநடுக்கத்தின் இயற்கைக் காரணங்களை ஆராய்ந்து 1756இல் கட்டுரைகள் வெளியிட்டார். இயற்கைக் காரணத்தை அறிதலும் உயிர் காக்கும் அறமே. 2004இன் பின் இந்துசமுத்திரத்தில் அமைந்த சுனாமி முன்னெச்சரிக்கை ஏற்பாடு அதன் பயனன்றோ?

இதுவரை கடல் செய்த துன்பத்தைப் பேசினோம். மனிதர் செய்த துன்பத்துக்கு என் சொல்வது? 1990 ஆகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்கள் இரண்டிலே தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் 9ஆம் நாள் சத்துருக்கொண்டானிலே தமிழ் மக்கள், குழந்தைகளும் பெண்டிருமாக, கொல்லப்பட்டனர். 2019 ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலே வெடித்த குண்டுக்குச் சிறுவர் பலரும் இரையாயினர். இவர்களை இழந்தோரிடம் வினை என்றோ சோதனை என்றோ நாம் கூறினால், செய்தவனை விடுத்து இறந்தவனை விசாரிப்போர் ஆவோம்.

இதற்கு நம் வாவிக்கரை நெடுங்காலமாகப் போற்றும் விடை ஒன்று உண்டு. செட்டிபாளையம், வந்தாறுமூலை, காரைதீவு முதலிய ஊர்களில் வைகாசித் திங்களிலே கண்ணகை அம்மனுக்குத் திருக்கதவு திறந்து சடங்கு நிகழ்கின்றது. கண்ணகி வழக்குரை ஏடு படிக்கப்படுகின்றது. இறுதியிலே குளிர்த்திச் சடங்கு. அம்மனின் வெம்மை தணிவிக்கப்படுகின்றது. இக்கதைக்கும் முற்பிறப்பு விளக்கம் உண்டு. கோவலன் முற்பிறப்பிலே சங்கமன் என்னும் வணிகனைக் கொல்வித்தான். அவ்வினையே வந்துற்றது என்று சிலப்பதிகாரத்தில் மதுராபதித் தெய்வம் கூறும். ஆனால் அத்தெய்வம் எப்பொழுது அதனைக் கூறுகின்றது? கண்ணகி அரசவையேறி வழக்குரைத்து, பாண்டியன் தன் பிழையை உணர்ந்து உயிர்நீத்த பின்னரே. முதலிலே வழக்குக் கேட்கப்பட்டது, குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டது, அதன் பின்னரே விளக்கம் வந்தது. விளக்கத்தை முன்வைத்து வழக்கைத் தள்ளிவிட அப்பெருங்காப்பியம் இடங்கொடுக்கவில்லை. குளிர்த்தியும் வழக்குரைத்த பின்னரே வருவது; வாய்மூடிய வெம்மைக்குக் குளிர்த்தி இல்லை.

ஆதலின், வினை, சோதனை, வேட்கை, பாவம் என்னும் சொற்கள் ஒவ்வொருவரும் தத்தம் துன்பத்தை நோக்குதற்கு ஏந்தும் விளக்குகள் என யான் கொள்கின்றேன். என் துன்பத்தை என் வினையென்று யான் ஏற்றால் அது பணிவு. பிறர் துன்பத்தை அவர் வினையென்று யான் கூறினால் அது கொடுமை. பிறர் துன்பத்தின் முன் நமக்குரிய கடமைகள் மூன்று: அருகே அமர்தல், கைகொடுத்தல், அவர் வழக்கைக் கேட்டல். உய்தி எத்தகையது என்பதில் சமயங்கள் மாறுபடலாம். அதனை நோக்கிச் செல்வோன் இக்கடமைகளைக் கடந்து செல்லலாம் என எச்சமயமும் கூறவில்லை.

யான் அன்று கூறிய விடை பொய்யென்று இன்றும் சொல்லமாட்டேன். எனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியதை அத்தாய்க்குச் சொன்னேன், அதுவே என் பிழை. அவளுக்குச் சொல்லத்தக்கது எதுவோ, அதனைப் பாயில் அமர்ந்த மூதாட்டி இரண்டே சொற்களிற் சொல்லிவிட்டார்.