“வீட்டுக்குப் போகலாம்” என்று சொன்ன பிறகு

மேடையில் பேசிப் பழக்கமில்லாதவள் நான். முப்பத்து மூன்று ஆண்டுகள் குழந்தைகள் வார்டில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பேசுவதுபோல்தான் எனக்குப் பேச வரும். பொறுத்தருள வேண்டுகிறேன்.

குழந்தையை மருத்துவமனையில் சேர்க்கும் நாளைப் பற்றி எல்லாரும் கதை கதையாகச் சொல்வார்கள். வீட்டுக்கு அனுப்பும் நாளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது மகிழ்ச்சியான நாள் அல்லவா! ஆனால் உண்மையைச் சொல்கிறேன், என் பணிக்காலத்தில் நான் அதிகம் பயந்தது அந்த நாளுக்குத்தான். அதற்கு ஒரு காரணம் உண்டு.

1982-ஆம் ஆண்டு. நான் வேலைக்கு வந்து மூன்றாண்டுதான் ஆகியிருந்தது. காப்பார் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து இரண்டு வயதுப் பையன் வலிப்புக்காக வந்திருந்தான். நன்றாகத் தேறிவிட்டான். தீபாவளிக்கு முதல் நாள். டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்று கையெழுத்துப் போட்டார். வார்டில் கூட்டம். தகப்பனார் அரை நாள் விடுப்பில் வந்து வாசலில் டாக்சியை நிறுத்தி வைத்திருந்தார். நான் மருந்துப் புட்டியை அம்மாவின் கையில் கொடுத்து, “காலையில் ஒரு கரண்டி, இரவில் ஒரு கரண்டி, புரிந்ததா?” என்றேன். “சரிங்க மிஸ்ஸி” என்றார். நான் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன்.

நான்காம் நாள் அதே பையன் திரும்பி வந்தான். கண்ணைத் திறக்கவில்லை. தட்டினால் முனகினான், அவ்வளவுதான். அந்த அம்மா தவறாமல், நேரம் தவறாமல், ஒரு கரண்டி கொடுத்திருக்கிறார். எந்தக் கரண்டி? வீட்டில் மைலோ கலக்குகிற பெரிய கரண்டி. நான் நினைத்தது 5 மில்லி. அவர் கொடுத்தது ஏறக்குறைய அதைப்போல மூன்று மடங்கு. இறைவன் அருளால் பையன் இரண்டு நாளில் விழித்துக்கொண்டான். எங்கள் மூத்த சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “நீ சொன்னாயா, காட்டினாயா?”

எந்த மருத்துவமனை என்பது இங்கே வேண்டாம். பிழை என்னுடையது. ஆனால் அந்த அம்மா தன்னைத்தான் நொந்துகொண்டார். “நான்தான் மிஸ்ஸி பாவி” என்று சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதார். அவரிடம் அது உங்கள் தவறல்ல என்று சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது. அந்த இரண்டு நாளை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்றிலிருந்து “புரிந்ததா?” என்ற கேள்வியை விட்டுவிட்டேன். நம் மக்கள் வெள்ளை உடுப்பு போட்டவர்கள் கேட்டால் “புரிந்தது” என்றுதான் சொல்வார்கள். அது மரியாதை. புரிந்ததற்கு அடையாளம் அல்ல. அதற்குப் பதிலாக, “அம்மா, இன்றிரவு வீட்டில் என்ன செய்வீர்கள்? இப்போது எனக்குச் செய்து காட்டுங்கள்” என்று கேட்கப் பழகினேன். புட்டியைக் குலுக்கட்டும், ஊசியில்லாத சிரிஞ்சில் கோடு வரை உறிஞ்சட்டும், கன்னத்தின் உள்பக்கமாக மெல்லச் செலுத்தட்டும். கை நடுங்கினால் நடுங்கட்டும். வார்டில் நடுங்கினால் பக்கத்தில் நான் இருக்கிறேன். இன்று உலகெங்கும் தாதியர் பள்ளிகளில் இந்த முறையைப் பாடமாகவே சொல்லித் தருகிறார்கள். எனக்கு அந்தப் பையன் சொல்லித் தந்தான்.

காய்ச்சல் மருந்திலும் இதே ஆபத்து உண்டு. பாராசிட்டமால் திரவம் நம் நாட்டுக் கடைகளில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் என்றும் கிடைக்கிறது, 250 மில்லிகிராம் என்றும் கிடைக்கிறது. நிறமும் வாசனையும் ஏறக்குறைய ஒன்றுதான். சின்னவனுக்கு எழுதிக் கொடுத்த அளவை அண்ணனின் புட்டியிலிருந்து எடுத்தால் இரு மடங்காகிவிடும். ஆகவே வீட்டில் ஏற்கெனவே இருக்கும் மருந்தையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்து வரச் சொல்வேன். சில பைகளைக் கவிழ்த்தால் ஒரு சிறு மருந்துக்கடையே கொட்டும்!

இன்னொன்றையும் தாமதமாகத்தான் கற்றேன். நாங்கள் தாய்க்குப் பாடம் நடத்திக் கொண்டிருப்போம். வீட்டுக்குப் போனதும் தாய் வேலைக்குப் போய்விடுவார். குழந்தை பாட்டியின் மடியில் இருக்கும். மருந்துப் புட்டியில் மலாயில் எழுதியிருக்கும். பாட்டிக்குத் தமிழ் எழுத்து மட்டுமே தெரியும், சிலருக்கு அதுவும் தெரியாது. எனவே, “பகலில் பிள்ளையை யார் பார்ப்பார்கள்?” என்பதுதான் முதல் கேள்வி. அவரை அழைத்து வாருங்கள் என்பேன். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கு ஒரு சூரியனும் ஒரு நிலாவும் வரைந்து, பக்கத்தில் சிரிஞ்சுக் கோட்டை மையால் குறித்துக் கொடுப்போம். ஒரு பாட்டிகூட அதில் தவறியதாக எனக்கு நினைவில்லை. தவறியவர்கள் படித்த தகப்பன்மார்கள்தான்!

பாட்டிகளிடம் நாம் கவனமாகப் பேச வேண்டிய விஷயங்களும் உண்டு. பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்தில் ‘ஜி6பிடி’ குறைபாடு இருக்கிறதா என்று நம் மருத்துவமனைகளில் சோதிக்கிறார்கள். அது இருக்கும் குழந்தைக்குப் பாச்சை உருண்டை ஆகாது. மலாயில் உபாட் கெகாட் என்கிறோமே, அதுதான். மூத்த பிள்ளையின் சட்டைகளைப் பாச்சை உருண்டை போட்டுத் தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருப்பார் பாட்டி. ஆசையோடு எடுத்துச் சின்னதுக்குப் போட்டுவிடுவார். இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, மஞ்சள்காமாலை ஏறி, மூளையையே பாதிக்கக்கூடும். “அதைச் செய்யாதீர்கள்” என்று மட்டும் சொன்னால் பாட்டிக்குக் கோபம் வரும். “பாட்டி, நீங்கள் வைத்திருக்கும் துணி நல்ல துணி. உருண்டையை வீட்டைவிட்டு எறிந்துவிட்டு, துணியைத் துவைத்துக் காயப்போட்டு, வாசனை கொஞ்சமும் இல்லையென்றால் போடுங்கள்” என்றால் கேட்பார். சாம்பிராணிப் புகையும் அப்படித்தான். இளைப்பு உள்ள குழந்தையின் அறையில் வேண்டாம். சாமி அறையில் காட்டிக் கதவைச் சாத்திக்கொள்ளலாம். திருநீறு பூசுங்கள், வாயில் போடாதீர்கள். ஒரு வயதுக்குள் தேன் தொட்டு வைக்க வேண்டாம். அதில் இருக்கக்கூடிய நுண்கிருமி கைக்குழந்தைக்கு நஞ்சாகலாம்.

நான் பயிற்சி பெற்ற காலத்துப் பெரிய சிஸ்டர்கள் பழைய ஆங்கிலேயப் பழக்கத்தில் வளர்ந்தவர்கள். மணி அடித்தால் தாயும் வெளியே போக வேண்டும். இங்கிலாந்திலேயே 1959-இல் சர் ஹாரி பிளாட் தலைமையிலான குழு, பெற்றோரைத் தடையின்றி உள்ளே விட வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்த எண்ணம் எல்லா வார்டுகளுக்கும் வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. தாயை வெளியே உட்கார வைத்துவிட்டு, கடைசி நாளில் பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தால் எப்படி நிற்கும்? குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் விஷயத்தில் இதை நன்றாகக் கண்டோம். 1978-இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் பற்றாக்குறையால், தாயின் மார்போடு தோல் படக் குழந்தையை அணைத்து வைக்கும் முறையைத் தொடங்கினார்கள். இன்று உலக சுகாதார நிறுவனமே அதைப் பரிந்துரைக்கிறது. அப்படி அணைத்து வைத்த தாய்க்குத் தன் குழந்தையின் மூச்சு எப்போது மாறுகிறது என்று சொல்லித்தர வேண்டியதே இல்லை. வீட்டுக்குப் போவதற்கு முன் ஓரிரு இரவு தாயும் குழந்தையும் ஒரே அறையில் தங்கி, எல்லாவற்றையும் தாயே செய்ய, தாதி கதவுக்கு வெளியே இருப்பது மிக நல்ல ஏற்பாடு.

இங்கே ஒன்று சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. எங்கள் தாதிகளுக்குப் பெரிய உதவி செய்தது இராகு காலம்! வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு எல்லாம் தயார் என்போம். “பன்னிரண்டு ஆகட்டும் மிஸ்ஸி” என்று குடும்பமே உட்கார்ந்துவிடும். சில டாக்டர்களுக்கு எரிச்சல். எனக்கோ ஒன்றரை மணி நேரப் பாடம் இலவசமாகக் கிடைத்தது.

அந்த நேரத்தில் ஆபத்து அறிகுறிகளைச் சொல்ல வைப்போம். மூச்சு விடும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுகிறதா? வழக்கமாகக் குடிப்பதில் பாதிகூடக் குடிக்கவில்லையா? ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகவில்லையா? உதடு நீலமாகிறதா? வலிப்பு வந்ததா? எழுப்பினால் எழவில்லையா? மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி காய்ச்சலா? இவற்றில் எதுவானாலும், நள்ளிரவானாலும், “மிஸ்ஸி திட்டுவாரோ” என்று யோசிக்காமல் கொண்டு வர வேண்டும்.

வள்ளல் பெருமக்களுக்கு ஒரு வார்த்தை. 1985-இல் நம் கிள்ளானில் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை திறக்கப்பட்டது. இன்று பெரிய சிகிச்சைகளுக்கும் வசதி இருக்கிறது. நன்கொடை என்றதும் கட்டிலும் சக்கர நாற்காலியும் நினைவுக்கு வருகின்றன. நல்லதுதான். ஆனால் மறுபரிசோதனைக்கு வராத குழந்தைகளின் வீட்டில் விசாரித்தால், பெரும்பாலும் டாக்சிக் காசு இல்லை, அல்லது தகப்பனுக்கு ஒரு நாள் சம்பளம் போய்விடும் என்பார்கள். இளைப்புக் குழந்தைக்கு மருந்து நுரையீரலுக்குச் சரியாகப் போய்ச் சேர முகமூடியுடன் கூடிய குழாய் தேவை. சில குடும்பங்களுக்கு அதன் விலையே பாரம். 1999-இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் மருத்துவர்கள், முறையாகத் துளையிட்ட ஒரு குளிர்பானப் பிளாஸ்டிக் புட்டிகூட அந்த வேலையைச் செய்யும் என்று காட்டினார்கள். அவ்வளவு எளிய பொருள். காய்ச்சல் மானி, அளவு சிரிஞ்சு, போக வரச் செலவு ஆகியவற்றுக்கு உங்கள் கணக்கில் ஒரு சிறு தலைப்பு ஒதுக்க முடியுமா என்று அறங்காவலர்கள் யோசிக்க வேண்டுகிறேன்.

நேரமாகிவிட்டது, அன்னதானத்துக்கு அழைக்கிறார்கள். வாசலருகே மேசையில் சில சிரிஞ்சுகளும், தண்ணீர் ஊற்றிய மருந்துப் புட்டிகளும், என் வீட்டுக் கரண்டிகள் நான்கும் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு கரண்டியிலும் எத்தனை மில்லி பிடிக்கிறது என்று நீங்களே அளந்து பாருங்கள். பாட்டிமார்கள் முதலில் வரலாம்.