நம் வீட்டுக் குழாயும் மக்கள் வரிப்பணமும்

(அடுக்குமாடிக் குடியிருப்பாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நான் பேச வந்தது மலக்குழாயைப் பற்றி. சிரிக்கிறீர்கள். கீழ்மாடியில் இருக்கும் அக்காமார்கள் சிரிக்கவில்லை, கவனித்தீர்களா? மேலே நான்கு மாடியில் ஊற்றுவதெல்லாம் அவர்கள் குளியலறையில்தானே பொங்கி வருகிறது!

நான் இருக்கும் மலிவு விலை வீட்டிலும் இதே கதைதான். குழாய் வெடித்து மூன்று மாதம் ஒழுகியது. பிள்ளைகள் அதைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போனார்கள். ஓர் அலுவலகத்தில் போய்க் கேட்டோம். "இது தனியார் சொத்து, அரசாங்கப் பணம் வராது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

இந்தத் 'தனியார்' என்ற சொல் நமக்குப் புதிதா? லயத்தில் தண்ணீர் கேட்டபோது தோட்டம் தனியார் நிலம் என்றார்கள். தமிழ்ப்பள்ளிக் கூரை ஒழுகியபோதும் நிலம் தனியாருடையது, ஆகவே பகுதி உதவிதான் என்றார்கள். இன்றும் பெரும்பாலான தமிழ்ப்பள்ளிகள் பகுதி உதவி பெறும் பள்ளிகளே. தோட்டம் விற்கப்பட்டு நாம் அடுக்குமாடிக்கு வந்தோம். இப்போது அந்தத் 'தனியார்' நாமே!

சட்டம் என்ன சொல்கிறது? வீட்டிலிருந்து பொதுக் குழாயில் போய்ச் சேரும்வரை உள்ள குழாய் உரிமையாளர் பொறுப்பு. அதற்கு அப்பால்தான் இண்டா வாட்டர். அடுக்குமாடியில் எல்லோருக்கும் பொதுவாக இறங்கும் குழாயை நிர்வாகக் குழு பார்க்க வேண்டும். இது 2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டம்.

சரி, குழுவிடம் பணம் எங்கே? பராமரிப்புக் கட்டணத்தில் 10 விழுக்காட்டைப் பெரிய செலவுக்கென்று தனியே வசூலிக்க வேண்டும். 100 வீடுகள், மாதம் 40 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் விடாமல் கட்டினாலும் அந்த நிதிக்கு மாதம் 400 வெள்ளிதான். ஐந்து மாடிக் குழாயை மாற்ற இது எந்த மூலைக்கு?

தனியாருக்கு அரசாங்கப் பணம் கொடுக்கக்கூடாதாம். 1994-இல் கழிவுநீர்ச் சேவையைத் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைத்தார்கள். அது ஓடவில்லை. 2000-ஆம் ஆண்டில் நிதியமைச்சு அதை ஏற்றுக்கொண்டது. பிறகு மானியமும் கொடுத்தது. அதை நான் தவறென்று சொல்லவில்லை. கழிவுநீர் நிறுத்தக்கூடிய சேவை அல்ல. ஆனால் அந்த நியாயம் நம் குழாய்க்கு மட்டும் ஏன் இல்லை? வெடித்த குழாயிலிருந்து வருவது பொதுச் சாக்கடைக்கும் ஆற்றுக்கும்தான் போகிறது. அங்கே வேலி எதுவும் இல்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். அரசாங்கம் இப்படிக் கொடுத்ததே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2010-களில் '1மலேசியா பராமரிப்பு நிதி' இருந்தது. தனியார் மலிவு விலை அடுக்குமாடிகளுக்காகவே வந்தது அது. மின்தூக்கி, கூரை, தண்ணீர்த் தொட்டி, கழிவுக் குழாய் எல்லாம் அதில் உண்டு. செலவில் பெரும்பங்கு அரசாங்கத்துடையது, சிறுபங்கு குடியிருப்பாளருடையது. பிறகு பெயர் மாறியது. ஆட்சி மாறினால் பெயர் மாறும், அது நமக்குப் பழக்கம்தானே. நாம் கேட்க வேண்டியது அதை ஆண்டுதோறும் கிடைக்கும் உரிமையாக்க வேண்டும் என்பதை. தேர்தல் நேரத்துச் சாயம் பூசும் வேலையாக அது இருக்கக்கூடாது.

நம் பக்கத்துக் குறையையும் சொல்லத்தான் வேண்டும். கோபிக்காதீர்கள். பொரித்த எண்ணெயையும் குழந்தையின் பெம்பர்ஸையும் குழாயில் போடுவது யார்? கட்டணம் கட்டாமல் ஆண்டுக்கணக்கில் இழுப்பது யார்? கூட்டத்துக்கு ஆள் வராததால் குழுவே இல்லாத குடியிருப்புகள் எத்தனை? குழு இல்லையென்றால் மனுவில் யார் கையெழுத்துப் போடுவது?

ஆகவே முதலில் குழுவை அமையுங்கள். நகராண்மைக் கழகத்தில் கட்டட ஆணையர் பிரிவு இருக்கிறது, அங்கே போய்க் கேளுங்கள், வழி சொல்வார்கள். ஒழுகும் இடத்தைத் தேதியோடு படமெடுங்கள். வாய்ப்பேச்சாகப் புகார் செய்யாதீர்கள். கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். "முடியாது" என்றால் அதையும் எழுத்தில் கேளுங்கள்.

மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. வீட்டு எண்ணை மறக்காமல் எழுதுங்கள். கீழ்மாடிக்காரர்கள் முதலில் வரட்டும்.