குரலும் கண்ணாடியும்



நன்னீராட்டு விழா நாளில் திருமுறைப் பெருமை பேசுவார் பலர் உளர். அதனைப் பாடும் மிடற்றின் நலம் பேசுவார் அரியர். யான் அதனையே பேச வந்தேன். என் பிழையொன்றே அதற்குக் காரணம்.

இளமையில் திருமடத்துப் பாடசாலையில் பண் பயின்றேன். இசை மேலேறுந்தோறும் மோவாயை உயர்த்தி, கழுத்து நரம்பு புடைப்பப் பாடுதலே உழைப்பென்று கருதியிருந்தேன். நாற்பது வயதிற்குள் குரல் கம்மிற்று. மிளகுக் கஷாயம் பருகினேன்; பனங்கற்கண்டை வாயில் அடக்கினேன். ஓய்ந்திருந்தால் குரல் மீளும்; பாடினால் மறுபடியும் போகும்.

இத்துன்பமே தாஸ்மேனியத் தீவில் 1869-இல் பிறந்த பிரெடரிக் மத்தியாஸ் அலெக்சாந்தர் என்பாரையும் பற்றியது. ஷேக்ஸ்பியரின் நாடகப் பகுதிகளை மேடையில் எடுத்தோதுவது அவர் தொழில். மருத்துவர் சொற்படி ஓய்வு கொண்டார், குரல் தெளிந்தது. மேடையேறினார், நிகழ்ச்சி முடியுமுன்னரே கம்மிற்று. ‘ஓய்வில் இல்லாத நோய் ஓதுங்கால் வருமாயின், ஓதுங்கால் யான் செய்யும் ஏதோவொன்றன்றோ கேடு?’ என்று அவர் எண்ணினார். கண்ணாடி முன் நின்று தம்மையே நோக்கலானார். ஓதத் தொடங்கியவுடன் தலை பின்னே சாய்வதையும், குரல்வளை கீழே அழுந்துவதையும், வாய்வழியே ஓசையுடன் மூச்சை உறிஞ்சுவதையும் கண்டார். தலை சாய்வதைத் தடுத்தால் ஏனைய இரண்டும் குறைந்தன.

இனித்தான் வியப்பு. தலையை முன்னோக்கி வைத்துவிட்டதாகவே அவர் உணர்ந்தார். கண்ணாடியோ அது பின்சாய்ந்தே இருந்ததைக் காட்டிற்று! நெடுநாட் பழகிய தவறு உணர்வுக்குச் சரியெனவே தோன்றும். அவர் கண்டவற்றுள் தலையாயது இதுவே என்பேன். ஆதலின், ஓத வேண்டும் என்னும் எண்ணம் எழுந்தவுடன் ஓதிவிடாது, ஒரு கணம் நின்று, கழுத்து இறுகாதிருக்க விட்டுப் பின்னர் ஓதப் பழகினார். 1904-இல் இலண்டன் சென்று 1955-இல் மறையுங்காறும் இம்முறையைக் கற்பித்தார். அந்நகரின் அரச இசைக் கல்லூரியில் இன்றும் இது கற்பிக்கப்படுகிறது.

இது நமக்கு முற்றும் புதிதன்று. உந்தியினின்று எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு என்னும் மூவிடத்து நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு பொருந்தி எழுத்தொலியாகும் என்பது தொல்காப்பியப் பிறப்பியல் கூறும் செய்தி. உடல் முழுதும் சேர்ந்து செய்யும் வேலையை நாம் தொண்டை ஒன்றன் தலையிலேயே சுமத்துகிறோம். ஆடவர் இயல்பாகப் பேசுங்கால்கூடக் குரல் நாண்கள் நொடிக்கு நூறு தடவைக்கு மேல் ஒன்றோடொன்று மோதுகின்றன. மேற்பண்ணில் அம்மோதல் பன்மடங்காகும். அவற்றை இறுக்கியும் பிடித்தால் தாங்குமோ? ஒலிபெருக்கியோடு போட்டியிட்டுக் கத்துவதும் இக்காலத்து வழக்கமாயிற்று. அஃது என் செவிக்கும் துன்பம்.

இம்முறை எல்லா நோயையும் தீர்க்கும் என்று யான் கூறேன். குரல் நாணில் முடிச்சோ கட்டியோ இருப்பின் முகம் பார்க்கும் கண்ணாடி அதனைக் காட்டாது. மூன்று நான்கு வாரம் கடந்தும் கம்மல் நீங்காதாயின், கஷாயத்தை நம்பி நாளைக் கடத்தாது, தொண்டை மருத்துவரிடம் காட்டுக.

பணி ஓய்விற்குப் பின்னரே அலெக்சாந்தரின் நூலைப் படித்தேன். அறுபது வயதில் கண்ணாடி முன் நின்றபோது, அந்தப் பதின்மூன்று வயதுச் சிறுவனின் மோவாய் அங்கே உயர்ந்து நின்றது. பழைய குரல் எனக்கு மீளவில்லை. ஆயினும் ஒரு பதிகத்தைக் கம்மாது பாடி முடிக்கின்றேன்.

நாளைக் காலை சந்நிதியில் பாடவிருக்கும் இளைஞர் இருவர் முன்வரிசையில் அமர்ந்துள்ளனர். என் அறையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று உண்டு. இன்றிரவு உணவிற்கு முன் வாருங்கள்; முதற்பாட்டை அதன் முன் நின்று பாடிப் பார்ப்போம்.