ஜகன் கடைக் கல்லாவும் எங்கள் கடைக் கல்லாவும்



எனக்குக் கொடுத்த தலைப்பு 'வியாபாரத்தில் நேர்மை'. சிவகிரி பஜாரில் மிட்டாய்க்கடை வைத்திருப்பவனுக்கு இந்தத் தலைப்பா என்று எனக்கே சிரிப்பு வந்தது. அதனால் உபதேசம் வேண்டாம், ஒரு டி.வி. கதையைச் சொல்கிறேன்.

1987-ல் நம் விடுதியில் இருந்த ஒரே டி.வி.யில் 'மால்குடி டேஸ்' பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். ஆர்.கே. நாராயண் கதைகள், சங்கர் நாக் டைரக்‌ஷன். அதில் 'மிட்டாய்வாலா' என்று சில வாரம் வந்தது. மிட்டாய்க்கடை ஜகனாக அனந்த் நாக். நமக்கோ இந்தியில் 'அச்சா'வைத் தாண்டி ஒன்றும் தெரியாது. நம் ஆங்கிலப் பேராசிரியர்தான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கதை சொல்வார். பிறகு 1967-ல் வெளிவந்த மூல நாவலையே என் கையில் கொடுத்து, "உங்க வீட்டுத் தொழில்தானடே, படி" என்றார்.

ஜகன் காந்தியவாதி. ராட்டை சுற்றுவார், ஜெயிலுக்குப் போனவர், கடையில் கீதை படிப்பார். சுத்தமான நெய், கலப்படம் என்ற பேச்சே கிடையாது. ஆனால் நாவலில் பாருங்கள், ஆறு மணி வரை வந்த பணம்தான் கணக்குக்குப் போகும். அதற்கப்புறம் வந்தது தனி. அதற்கு வரி கிடையாது என்று மனசுக்குள் அவரே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்!

படித்ததும் எனக்குத் திக்கென்றது. எங்கள் அப்பாவிடமும் இரண்டு நோட்டு உண்டு. அவர் அதை மறைக்கவுமில்லை, தப்பென்று நினைக்கவுமில்லை. கேட்டால், "அல்வாவுல டால்டா கலந்தேனா?" என்பார். உண்மைதான், கலக்கவே மாட்டார். சட்டியில் இருந்த நேர்மை கல்லாவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

அப்பாவைச் சொல்வது சுலபம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது, இனிப்புக்கு 5 சதவீதம். நானும் ராத்திரி எட்டு மணிக்கு மேல் பில் போடுவதில்லை. இதே கல்லூரியில் பி.காம். படித்த என் மகள், ஒரு லீவில் கல்லாவில் உட்கார்ந்தவள், "எட்டு மணிக்கு மேல மிஷின் ரிப்பேராப்பா?" என்று கேட்டாள். சிரித்து மழுப்பினேன். அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாளிலிருந்து கடை அடைக்கும்வரை பில். அது ஆடித்தபசு சமயம். சங்கரன்கோவில் போகிற ஜனம் கடையில் மொய்க்கிற நேரம். நாவலில் ஜகன் திடீரென்று விலையைக் குறைத்ததும் மற்ற கடைக்காரர்கள் பதறிப்போய் வருவார்களே, அதேபோல என்னிடமும் நாலு பேர் வந்தார்கள். "அண்ணாச்சி, நீங்க பில் குடுத்தா எங்ககிட்டயும் கேப்பாங்கள்லா?" நியாயமான கேள்விதான். டீ வாங்கிக் கொடுத்தேன், பதில் வரவில்லை. அதில் இரண்டு பேர் இன்றைக்கும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

லாபம் குறைந்தது நிஜம். இதைச் சொல்லாமல் விட்டால் தம்பி தங்கைகளை ஏமாற்றியதாகும். ஒரு மாஸ்டரை நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன், மனசு வரவில்லை. கடைக்கு மேலே மாடி எடுக்கிற வேலைதான் நின்றுபோச்சு. சிவகிரி பக்கம் வந்தால் பாருங்கள், கம்பி இன்னும் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அல்வா சாப்பிட்டுவிட்டுப் போகலாம், பில் உண்டு.